வலையும் அடைப்பும்: விழித்திரைச் சிரை நோய் அறியப்பட்ட வரலாறு

ஒரு சொல்லின் பிறப்பைத் தேடிச் செல்பவர் சில வேளைகளில் ஒரு துறையின் வரலாற்றையே கண்டடைகிறார். கண்ணின் உட்புறத்தில் ஒளியை ஏற்கும் மெல்லிய படலத்தைத் தமிழில் விழித்திரை என்கிறோம். காட்சி வந்து விழும் திரை என்பது அதன் கருத்து. அரபு மருத்துவர்களோ அதனை ‘ஷபகிய்யா’ என்றனர். ‘ஷபகா’ என்றால் வலை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோஃபிலஸ் இப்படலத்தைக் கூட்டிப் பிடித்த வீச்சு வலைக்கு ஒப்பிட்டார். அந்தக் கிரேக்க உவமை அரபியில் ஷபகிய்யா ஆயிற்று. அரபு நூல்கள் இலத்தீனுக்குச் சென்றபோது, வலை எனப் பொருள்படும் ‘ரேட்டே’ என்ற சொல்லிலிருந்து ‘ரெட்டினா’ பிறந்தது. இன்று உலகெங்கும் கண் மருத்துவர்கள் வழங்கும் அச்சொல் பக்தாதின் வழியாக ஐரோப்பாவை அடைந்த சொல்லாகும்.

இந்த வலையின் இழைகளென ஓடும் இரத்தக் குழாய்களுள் சிரைகள் அடைபடுவதால் வரும் நோயே இக்கட்டுரையின் பொருள். 2015ஆம் ஆண்டுக்கான ஒரு கணக்கீட்டின்படி உலகில் 30 முதல் 89 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. விழித்திரைக் குழாய்களைத் தாக்கும் நோய்களுள் நீரிழிவினால் வரும் பாதிப்புக்கு அடுத்த இடம் இதற்கே. எனினும் இதன் பெயரைக்கூடக் கேட்டிராதவர் நம்மிடையே மிகுதி. வலி இல்லாமல் வருவது ஒரு காரணம். வெளியிலிருந்து பார்ப்போருக்குக் கண் சற்றும் மாறாமல் தோன்றுவது மற்றொரு காரணம். வெளியில் தெரியாத இந்நோயை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்ற வரலாற்றில், அரபு மொழியில் எழுதிய அறிஞர்களுக்கு உரிய இடம் எது என்பதையும் நாம் அளந்து பார்க்க வேண்டியுள்ளது.

ஹுனைன் வரைந்த கண்

ஹீரா நகரில் பிறந்து பக்தாதில் பணியாற்றிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (ஹிஜ்ரி 194–260, கி.பி. 809–873) நெஸ்டோரியக் கிறிஸ்தவர், அப்பாசியக் கலீபாக்களின் ஆதரவில் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்தவர். கண்ணைப் பற்றி அவர் எழுதிய பத்து ஆய்வுரைகளின் தொகுப்பு, இத்துறையில் முறையாக அமைந்த பழைய நூல்களுள் முதன்மையானது. கெய்ரோவில் கண் மருத்துவராக இருந்த மாக்ஸ் மேயர்ஹோஃப் 1928இல் இதனைப் பதிப்பித்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். கண்ணின் அமைப்பைக் காட்டும் மிகப் பழைய வரைபடங்கள் இந்நூலின் சுவடிகளில் கிடைக்கின்றன.

ஹுனைன் கிரேக்க மருத்துவர் காலனைப் பின்பற்றுகிறார். கண்ணுக்கு ஏழு அடுக்குகள், மூன்று நீர்மங்கள். அவற்றுள் பனிக்கட்டி போல் தெளிந்த ‘ஜலீதிய்யா’ என்னும் கண்வில்லையே பார்வையின் இருப்பிடம். ஏனைய உறுப்புகள் யாவும் அதற்குப் பணி செய்பவை. விழித்திரைக்கு அவர் இரண்டு பணிகளைத் தருகிறார். அதில் உள்ள நரம்பின் வழியே மூளையிலிருந்து பார்வை ஆவி கண்ணுக்கு வருகிறது. அதில் உள்ள குழாய்களின் வழியே உணவு வருகிறது.

இன்றைய அறிவின் முன் இக்கொள்கையின் முதற்பகுதி நிற்காது. பார்வை ஆவி என்று ஒன்று இல்லை. செய்தி செல்லும் திசையும் தலைகீழ். கண்வில்லை ஒளியைக் குவிக்கிறதேயன்றி உணர்வதில்லை. ஒளியியலையே மாற்றியமைத்த இப்னுல் ஹைதம்கூட உணர்வின் இடத்தைக் கண்வில்லையிலேயே வைத்தார். விழித்திரையே காட்சியை ஏற்கும் உறுப்பென்று 1583இல் ஃபீலிக்ஸ் பிளாட்டர் கூறினார். அங்கே உருவம் தலைகீழாக விழுவதை 1604இல் கெப்ளர் விளக்கினார். ஆயினும் இரண்டாம் பகுதியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. விழித்திரை என்பது நரம்பும் குழாயும் சேர்ந்த உறுப்பு. குழாய் கெட்டால் பார்வை கெடும் என்ற முடிவுக்கு வேண்டிய அடித்தளம் அதில் இருந்தது.

கண்ணுக்குப் புலப்படாத நோய்கள்

அக்கால மருத்துவர் ஓர் அடைப்பை உண்மையாகவே தேடினர். அது குருதிக் குழாயின் அடைப்பு அன்று. பார்வை நரம்பின் அடைப்பு. ‘சுத்தா’ என்ற அரபுச் சொல் அடைப்பைக் குறிக்கும். கண் வெளியில் நலமாகத் தோன்றியும் நோயாளி பார்வையின்றி இருந்தால், உள்ளீடற்றதாகக் கருதப்பட்ட பார்வை நரம்பில் ஏதோ அடைத்திருக்கிறது என்று முடிவு செய்தனர். அதனைச் சோதிக்கவும் ஒரு முறை இருந்தது. ஒரு கண்ணை மூடச் செய்து, மற்றக் கண்ணின் பாவை விரிகிறதா என்று பார்ப்பர். விரிந்தால் வழி திறந்திருக்கிறது. விரியாவிட்டால் நரம்பு அடைபட்டுள்ளது. அத்தகைய கண்ணில் புரையை ஊசியால் விலக்கினாலும் பயன் விளையாது. காலனிடமிருந்து வந்த இச்சோதனையை அரபுக் கண் மருத்துவர்கள் தம் நூல்களில் காத்து வந்தனர்.

பக்தாதின் அலீ இப்னு ஈஸா 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘தத்கிரதுல் கஹ்ஹாலீன்’ நூற்றுக்கும் மேற்பட்ட கண்நோய்களை விவரிக்கும் கைந்நூல். அது மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி கண்ணின் அமைப்பைக் கூறும். இரண்டாம் பகுதி இமை, வெண்படலம், கருவிழி முதலிய இடங்களில் காணத்தக்க நோய்களைக் கூறும். மூன்றாம் பகுதிக்குரியவை புலன்களுக்கு எட்டாத உள்நோய்கள். இந்தப் பகுப்பிலேயே ஒரு நேர்மை இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். தாம் பார்த்ததையும் தாம் ஊகித்ததையும் ஒன்றெனக் கலக்காமல், இவை நமக்குப் புலப்படாதவை என்று தனியே எழுதி வைத்தார் அம்மருத்துவர். விழித்திரைச் சிரை அடைப்பு அக்காலத்திலும் மனிதரைத் தாக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அந்த மூன்றாம் பகுதிக்குள் பெயரின்றிக் கிடந்தது. பாவையின் கருமைக்கு அப்பால் நோக்கும் வழி அடுத்த 8 நூற்றாண்டுகளுக்கு எவருக்கும் கிட்டவில்லை.

குருதி செல்லும் பாதை

சிரை அடைப்பு என்ற கருத்து பிறக்க வேண்டுமானால், குருதி ஒரு வழியாக வந்து மற்றொரு வழியாகத் திரும்புகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். காலனின் உடலியலில் அத்தகைய சுற்றோட்டம் இல்லை. ஈரலில் உண்டாகும் குருதி உறுப்புகளைச் சென்றடைந்து அங்கேயே செலவாகிவிடுகிறது. இதயத்தின் வலப்பக்கக் குருதியில் ஒரு பங்கு, நடுச்சுவரின் நுண்துளைகள் வழியே இடப்பக்கம் கசிகிறது என்றும் அவர் கருதினார். திரும்பிச் செல்லும் வழி என்ற ஒன்றே இல்லாதபோது, அது அடைபட்டு வெள்ளம் தேங்கும் என்ற எண்ணம் எழ இடமில்லை.

இக்கொள்கையை முதலில் மறுத்தவர் டமாஸ்கஸில் கல்வி பயின்று கெய்ரோவில் புகழ்பெற்ற இப்னுன் நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288). இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் 1242இல் எழுதிய உரையில், இதயத்தின் நடுச்சுவரில் துளை ஏதும் இல்லையென்றும், வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குச் சென்று அங்குள்ள நுண்வழிகளைக் கடந்தே இடப்பக்கம் வருகிறதென்றும் கூறினார். கண் மருத்துவத்திலும் அவர் தனி நூல் இயற்றியவர். இவ்விரண்டு துறைகளும் ஒருவர் கையில் இருந்தும், நுரையீரலில் கண்ட பாதையை விழித்திரைக்கு அவர் நீட்டவில்லை. நீட்டியிருக்கலாமே என்று இன்று நாம் கேட்பது முறையன்று. உடல் முழுவதற்குமான சுற்றோட்டத்தை 1628இல்தான் வில்லியம் ஹார்வி நிறுவினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் மால்பீகி நுண்ணோக்கி வழியே கண்டது 1661இல்.

இப்னுன் நஃபீஸின் அந்த உரை நெடுங்காலம் நூலகங்களில் உறங்கியது. எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ ஜெர்மனியில் பயின்றபோது, 1924இல் பெர்லின் நூலகச் சுவடியிலிருந்து அதனை வெளிக்கொணர்ந்தார். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பியருக்கு இக்கருத்து ஏதேனும் வழியில் சென்றிருக்குமா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. சென்றதென்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது. நம்மவரின் உரையை நம்மவரே 7 நூற்றாண்டுக்காலம் படிக்காமல் விட்டோம் என்பதற்கோ வேறு சான்று வேண்டியதில்லை.

திறந்த சாளரம்

கண்ணின் உள்ளறை முதன்முதலில் மருத்துவருக்குத் தெரிந்தது ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவியினால். கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த அவர், பாவை கருமையாகத் தோன்றுவதற்குக் காரணம் பார்ப்பவரின் தலையே ஒளியை மறைப்பதுதான் என்று உணர்ந்தார். ஒளியைச் சாய்வான கண்ணாடித் தகட்டில் தெறிக்கவைத்துக் கண்ணுக்குள் செலுத்தி, அதே வழியில் தாமும் நோக்கினார். 1851இல் அவர் வெளியிட்ட அக்கருவியே ஆப்தால்மாஸ்கோப். உடலைக் கீறாமல், உயிருள்ள மனிதரின் தமனியையும் சிரையையும் நேரில் காணத்தக்க ஒரே இடம் விழித்திரை என்பது அன்று விளங்கிற்று. அலீ இப்னு ஈஸாவின் மூன்றாம் பகுதிக்கு ஒரு சாளரம் திறந்தது.

சாளரம் திறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நம் நோய் தென்பட்டது. ரிச்சர்ட் லீப்ரைக் 1855இல் விழித்திரையெங்கும் குருதி சிதறிக் கிடந்த நிலையைக் கண்டு ‘விழித்திரையின் அப்போப்ளெக்சி’ என்றார். மூளையில் குருதி கசிந்து மனிதர் சாயும் பக்கவாதத்தோடு வைத்து அதனை எண்ணினார். 1877இல் தியோடர் லேபர் அதனைக் குருதி கசியும் விழித்திரை அழற்சி என வகுத்தார். அடுத்த ஆண்டு, 1878இல், யூலியஸ் ஃபான் மிஷெல் உண்மைக் காரணத்தைச் சுட்டினார்: மையச் சிரையில் குருதி உறைந்து வழி அடைபடுகிறது. உறைவு ஏன் உண்டாகிறது என்பதற்கு ருடால்ஃப் ஃபிர்ஷோவின் ஆய்வுகள் முன்னரே வழி காட்டியிருந்தன. ஓட்டம் தளர்தல், குழாயின் உட்சுவர் புண்படுதல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் என அம்மூன்று காரணங்களையும் இன்றும் மருத்துவ மாணவர் அவர் பெயராலேயே பயில்கின்றனர்.

வாய்க்காலும் வடிகாலும்

அடைப்பினால் விளைவது என்ன என்பதை வயலை வைத்து விளக்கலாம். வாய்க்கால் நீரைக் கொண்டுவருகிறது. வடிகால் மிகுநீரை வெளியேற்றுகிறது. வடிகால் தூர்ந்துபோனால் வாய்க்கால் நலமாக இருந்தும் பயிர் மூழ்கும். விழித்திரையின் உட்பகுதிக்கு மையத் தமனி வாய்க்கால். மையச் சிரை வடிகால். இரண்டும் பார்வை நரம்பினுள் ஒரே உறையால் பிணைக்கப்பட்டு, நெருக்கமான ஒரு சல்லடைத் தகட்டைக் கடந்து செல்கின்றன. வயதினாலும் உயர் இரத்த அழுத்தத்தினாலும் தமனியின் சுவர் தடித்து இறுகும்போது, அருகிலுள்ள மெல்லிய சிரை நசுங்குகிறது.

விழித்திரையின் பரப்பிலும் இந்நிலை உண்டு. கிளைத் தமனியும் கிளைச் சிரையும் குறுக்கிடும் இடங்களில் இரண்டையும் ஒரே உறை சூழ்கிறது. பெரும்பாலும் தமனி மேலாகச் சென்று சிரையை அழுத்துகிறது. கிளை அடைப்பு நேர்வது ஏறத்தாழ இக்குறுக்கீடுகளில்தான். மைய அடைப்பைவிடக் கிளை அடைப்பு ஏறக்குறைய 5 மடங்கு மிகுதி.

வழி அடைபட்டதும் சிரைகள் வீங்கி வளைந்து நெளிகின்றன. அழுத்தம் தாங்காத தந்துகிகளிலிருந்து குருதியும் நீரும் கசிகின்றன. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நாம் பயன்படுத்தும் மையப்பகுதியாகிய மாகுலாவில் நீர் தேங்கும்போது பார்வை மங்குகிறது. நோயாளி பெரும்பாலும் ஒரு காலையில் விழித்தெழும்போது, ஒரு கண்ணில் புகை படர்ந்ததுபோல் உணர்கிறார். கோடுகள் வளைந்து தெரியலாம். கிளை அடைப்பாயின் காட்சியின் ஒரு பகுதி மட்டும் மறையலாம். வலி இராது. மறு கண் நன்றாக இருப்பதால் பலர் நாட்களையும் வாரங்களையும் தள்ளிவிடுகின்றனர்.

தேக்கம் மிகுந்து விழித்திரைக்கு உயிர்வளி கிட்டாமற் போகும் நிலை இதனினும் கொடியது. பட்டினி கிடக்கும் விழித்திரை புதிய குழாய்களை வளரத் தூண்டுகிறது. அவை உதவாத குழாய்கள். எளிதில் உடைந்து கண்ணுள் குருதியைச் சொரிபவை. சிலருக்கு அவை கருவிழிக்குப் பின்னுள்ள வடிகாலையும் மூடி, வலி மிக்க கிளாக்கோமாவை உண்டாக்குகின்றன. முதல் 3 மாத அளவில் இது தோன்றுவது உண்டு. மையச் சிரை அடைப்பு இத்தகைய கொடிய வகையா என அறிய, இன்றும் மருத்துவர் ஒளியை இரு கண்களுக்கும் மாறி மாறிக் காட்டிப் பாவை சுருங்குகிறதா விரிகிறதா என்று நோக்குகின்றனர். பார்வை ஆவி பற்றிய பழைய விளக்கம் போய்விட்டது. ஆயினும் உள்ளே காண முடியாத கேட்டைப் பாவையின் அசைவைக் கொண்டு அளக்கலாம் என்ற எண்ணம் பழையதே.

மருத்துவத்தின் மெதுவான பயணம்

நோயைக் கண்டதற்கும் அதைத் தணித்ததற்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் பயின்ற நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரு மருத்துவ மாணவர்கள், ஃபுளோரசீன் சாயத்தைக் கைச்சிரையில் செலுத்தி விழித்திரைக் குழாய்களைப் படம்பிடிக்கும் முறையை 1961இல் வெளியிட்டனர். முதற்சோதனை ஆல்விஸின் கண்ணிலேயே நடந்தது. ஒளியால் விழித்திரையைச் சுட்டு நோயை நிறுத்தலாம் என்ற எண்ணத்தை, 1945ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துப் பார்வை இழந்தோரின் தழும்புகளிலிருந்து பெற்றார் ஜெர்மனியின் மேயர் ஷ்விக்கெராத். பின்னர் லேசர் வந்தது. கிளை அடைப்பில் மாகுலா வீக்கத்திற்கு லேசர் பயன் தருவதை 1984இல் அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வு காட்டியது. ஆனால் மைய அடைப்பில் அம்முறை வீக்கத்தைக் குறைத்தும் பார்வையை மீட்கவில்லை என்பதை 1995இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பட்டினி கிடக்கும் விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரந்துதான் புதுக் குழாய்களை வரவழைக்கிறது என்று 1948இல் ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். வி.இ.ஜி.எஃப். எனப்படும் புரதமே அதில் முதன்மையானது என்பது 1990களில் தெளிவாயிற்று. அதனைத் தடுக்கும் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தும் மருத்துவம் 2010 முதல் இந்நோய்க்கு முறையான ஏற்பைப் பெற்றது. புற்றுநோய்க்கென உருவாகிய பெவாசிசுமாப் என்ற விலை குறைந்த மருந்து, மைய அடைப்பின் முதல் 6 மாத மருத்துவத்தில் விலை மிகுந்த அஃப்ளிபெர்செப்டுக்குக் குறைந்ததன்று என 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. செலவுக்கு அஞ்சிக் கண்ணை இழக்கும் ஏழைகளுக்கு இது சிறு செய்தி அன்று.

இம்மருந்துகள் வீக்கத்தை வடிக்கின்றன. புதுக் குழாய்களை அடக்குகின்றன. அடைப்பை அவை நீக்குவதில்லை. ஆதலால் பலருக்கு ஊசி மீண்டும் மீண்டும் தேவைப்படுகிறது. உரிய காலத்தில் வந்தவர் பலர் எழுத்துப் படிக்கும் பார்வையைத் திரும்பப் பெறுகின்றனர். தாமதித்தவருக்கு அவ்வளவு கிட்டுவதில்லை.

நாம் கொள்ள வேண்டியது

இவ்வரலாற்றை இரு வகையாகத் திரித்துச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அரபு அறிஞர்கள் கிரேக்கச் சரக்கைச் சுமந்துசென்ற சுமைகாரர் என்பது ஒன்று. எல்லாவற்றையும் அவர்களே முன்னர்க் கண்டுவிட்டனர் என்பது மற்றொன்று. முன்னது அவர்களைச் சிறுமைப்படுத்துகிறது. பின்னது அவர்கள் எழுதியதைப் படிக்காமலே புகழ்கிறது. விழித்திரைச் சிரை அடைப்பை அவர்கள் அறிந்திருக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்றவை ஒரு பெயர், ஓர் உடற்கூற்று விளக்கம், பாவையை நோக்கும் ஒரு சோதனை, புலப்படாததைப் புலப்படாதது என்று எழுதும் ஒழுக்கம். காலனே ஆயினும் சான்றுக்கு மாறுபட்டால் மறுக்கலாம் என்ற துணிவை இப்னுன் நஃபீஸ் காட்டினார். ஓர் அறிவு மரபு பெருமை கொள்வதற்கு இவை போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நோயின் முதல் வேர் கண்ணில் இல்லை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு, புகைப்பழக்கம், கவனிக்காமல் விட்ட கிளாக்கோமா ஆகியவை அதற்கு வழி வகுக்கின்றன. சிரை அடைபட்ட ஒரு கண், இதயத்திற்கும் மூளைக்கும் செல்லும் குழாய்களைப் பற்றியும் எச்சரிக்கிறது. எனவே கண் மருத்துவரிடம் சென்றவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்துகொள்ளாமல் வீடு திரும்பக் கூடாது. நம் இல்லங்களில் உள்ள முதியோர், ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நூலின் எழுத்தையோ சுவரின் கடிகாரத்தையோ பார்த்துச் சோதிக்கும் சிறு பழக்கத்தை மேற்கொள்ளலாம். ஒரு கண்ணில் மட்டும் புகை படர்ந்தால், வலி இல்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரை நாட வேண்டும். அலீ இப்னு ஈஸாவுக்குப் புலப்படாத அந்த நோயை இன்று சில நிமிடங்களில் காண முடியும். மருத்துவர் முன் சென்று அமர வேண்டியது மட்டுமே நம் பங்கு.